கூழில் கரைந்த மருந்து

எண்பதுகளின் தொடக்கத்தில் மானாம்பதியை அடுத்த ஒரு சிற்றூரில் நான் தமிழாசிரியனாகப் பணிபுரிந்துகொண்டிருந்தேன். புரட்டாசி மாதத்து ஞாயிற்றுக்கிழமை ஒன்றில், உத்திரமேரூரிலிருந்து வந்த பேருந்தைவிட்டு இறங்கிய என் தமக்கையின் கணவர், கையில் ஓர் ஓலைக் கூடையோடு எங்கள் வீட்டை நோக்கி நடந்து வந்தார். கூடையின் வாயைப் பழைய வேட்டித் துண்டால் கட்டியிருந்தார்கள். அத்துணியின் கிழிசல் வழியே தேன்நிறத் தலையொன்று வெளிப்பட்டு, தெருவை ஒருமுறை நோட்டமிட்டுவிட்டு மீண்டும் உள்ளே போயிற்று.

"இந்தா மச்சான், உங்க அக்கா குடுத்தனுப்புனா" என்று கூடையை என்னிடம் நீட்டினார். "வாரத்துக்கு உட்டுக்கணுமாம். குஞ்சு பொரிச்சா பாதி பாதி. வேற ஒண்ணும் சொல்லல. சொல்லியிருந்தாலும் நான் சொல்லமாட்டேன். எனுக்கு எதுக்கு அந்த பேஜாரு?"

வாரத்துக்கு விடுதல் என்பது எங்கள் பக்கத்து வழக்கம். கோழி ஒருவருடையது, அதனைக் காத்து, தீனியிட்டு, அடைவைத்துக் குஞ்சுகளை வளர்ப்பவர் இன்னொருவர். குஞ்சுகள் தாயைப் பிரிந்து தாமே இரைதேடும் பருவத்தில் இருவரும் அவற்றைச் சரிபாதியாகப் பிரித்துக்கொள்வார்கள். அண்டை வீட்டாரும் உறவினரும் செய்துகொள்ளும் எளிய ஒப்பந்தம் அது. ஆனால் பேச்சுவார்த்தை அற்றுப்போன இருவரிடையே கோழி வாரத்துக்கு வந்ததை நான் அதற்கு முன்பு கண்டதில்லை. என் மனைவியும் என் தமக்கையும் பேசி ஓராண்டுக்கு மேலாகியிருந்தது.

பிணக்கின் தோற்றுவாய் கூழ். முந்தைய ஆண்டு ஆடித் திங்களில் எங்கள் வீட்டில் அம்மனுக்குக் கூழ் வார்த்தோம். தாய்தந்தையர் மறைந்தபின் என் தமக்கைக்குப் பிறந்த வீடு என்பது நான் குடியிருக்கும் வாடகை வீடுதான். ஆகவே அவளும் வந்திருந்தாள். என் மனைவி வார்த்துக்கொடுத்த கூழை ஒரு வாய் பருகிவிட்டு, நாலுபேர் கேட்க, "இன்னாமே இது, கூயா? கேவுரு கயுவுன தண்ணியா?" என்றாள். அவள் அதனை விளையாட்டாகத்தான் சொன்னாள். ஆனால் விடியுமுன் எழுந்து அடுப்பின்முன் வெந்துகொண்டிருந்த என் மனைவிக்கு அன்று விளையாட்டில் விருப்பமில்லை.

"தண்ணியா இருந்தா உங்களுக்கு நல்லதுதான அண்ணி? உங்க ஊர்ல மூணு ஆறு வந்து சேருதுன்னு பேரு. ஒண்ணுலனா தண்ணி கீதா?"

கூடியிருந்தோர் சிரித்துவிட்டார்கள். தமக்கை வாழ்க்கைப்பட்டது திருமுக்கூடல். பாலாறும் செய்யாறும் வேகவதியும் அங்கே கூடுகின்றன. ஆயினும் ஆண்டின் பெரும்பகுதியில் அங்கே கூடுவது மணலும் மணலுந்தான். தன்னைப் பழித்தால் பொறுத்துக்கொள்வாள், தன் புகுந்த ஊரைப் பழித்தால் பொறுக்கமாட்டாள் என்பது அவள் இயல்பு. கையிலிருந்த குவளையைக் கீழே வைத்துவிட்டு அடுத்த பேருந்தில் ஏறிப் போனவள், அவ்வாண்டுப் பொங்கலுக்கும் வரவில்லை. நான் சீர்வரிசையைக் கொண்டுபோய் அவள் வீட்டில் வைத்துவிட்டு, இரண்டு வீட்டுக் கோபத்தையும் ஒருங்கே சுமந்துகொண்டு திரும்பினேன்.

அன்னத்தையும் கிளியையும் முகிலையும் தூதுவிட்டதைப் பிள்ளைகளுக்குப் பாடம் நடத்துபவன் நான். கோழியைத் தூதுவிட்ட செய்தியை எந்த நூலிலும் படித்ததில்லை. எனினும் இது தூதுதான் என்பது எனக்கு உடனே விளங்கிற்று. என் மனைவிக்கும் விளங்கியிருக்க வேண்டும். ஆனால் அவள் கூடையைத் திறந்து பார்த்துவிட்டு வேறொன்றைச் சொன்னாள்.

"இத்த வெச்சிக்கினு நான் இன்னா பண்றது? நல்லா கீதுன்னா அது உங்க அக்கா கோயி. செத்துப்போச்சுன்னா நான் சாவடிச்ச கோயி."

என்றாலும் அவள் அதனை வளர்த்த வகையில் குறைசொல்ல இடமில்லை. எங்களுக்கென்று இருந்த நாலைந்து கோழிகளுக்கு நொய். தமக்கையின் கோழிக்கு மட்டும் கம்பு. அது முட்டையிட்டு, ஐப்பசி மழையில் அடைகாத்து, கார்த்திகைத் தீபத்தையொட்டிக் குஞ்சு பொரித்தது. ஓரிரு முட்டை தவிர அத்தனையும் பொரித்தன. கரியதும் பழுப்புமாய்க் குஞ்சுகள் தாயின் இறகுக்குள் நுழைவதையும் முதுகின்மேல் ஏறுவதையும் பார்த்துக்கொண்டு நிற்கையில் என் மனைவியின் முகத்தில் ஒரு பெருமிதம் இருந்தது. செய்தி திருமுக்கூடலுக்கு எட்டிற்று, மறுமொழியும் வந்தது. காணும் பொங்கலன்று தானே நேரில் வந்து பங்கு பிரித்துக்கொள்வதாகத் தமக்கை சொல்லியனுப்பியிருந்தாள்.

"நேர்லயா வருது?" என்று என் மனைவி இரண்டுமுறை கேட்டாள். அன்று மாலையே வீட்டுச் சுவருக்கு வெள்ளையடிக்க வேண்டும் என்றாள்.

மார்கழி பிறந்தது. அவ்வாண்டு ஏரி நிறைந்திருந்தமையால் பனியும் மிகுதி. காலையில் கூரையோலையிலிருந்து பனிநீர் மழைபோலச் சொட்டும். ஒருநாள் அந்தியில் கோழிகளைக் கவிழ்கூடையால் மூடிவிட்டு வந்த என் மனைவி, என்னைக் கையசைத்து அழைத்தாள். கூடையருகே குனிந்து கேட்டேன். உள்ளிருந்து, உறங்கும் முதியவர் மூச்சுவிடுவதைப்போன்ற கரகரப்பொலி எழுந்தது.

"கொறட்டை" என்றாள் மெதுவாக. கோழிக்கு வரும் மூச்சு நோய்க்கு எங்கள் பக்கத்துப் பெயர் அது.

காலையில் வெளிச்சத்தில் பார்த்தபோது தமக்கையின் கோழிக்கு ஒரு கண்ணின்கீழ் வீங்கியிருந்தது. கண்ணோரத்தில் சோப்பு நுரைபோல் சிறு குமிழிகள். மூக்கில் நீர் வடிய, அடிக்கொருதரம் தலையை உதறித் தும்மிற்று. குஞ்சுகளில் சில, வாயைத் திறந்து திறந்து மூச்சு வாங்கின. என் மனைவி தனக்குத் தெரிந்த மருந்துகளையெல்லாம் செய்தாள்: சின்ன வெங்காயத்தையும் மிளகையும் நசுக்கி ஊட்டினாள், தூதுவளையை அரைத்து உருட்டிப் போட்டாள், கூட்டுக்கு வேப்பிலைப் புகை காட்டினாள். புகையால் கோழிகள் மேலும் தும்மின.

குஞ்சுகளில் ஒன்று இறந்த அன்று, அவள் அதனை முறத்தில் வைத்துக்கொண்டு என்முன் வந்து நின்றாள்.

"ஏங்க, ஒண்ணு சொல்றேன், திட்டாதீங்க. பெரிசு போயிட்ச்சுன்னா உத்தரமேரூர் சந்தையில இதே நெறத்துல ஒண்ணு வாங்கியாந்து உட்டுட்டா?"

"அக்கா கண்டுபிடிக்கமாட்டாளா?"

"எல்லாக் கோயியும் கோயி மாதிரிதான கீது."

அப்படியில்லை என்பது அவளுக்கும் தெரியும். எங்கள் பக்கத்தில் ஒவ்வொரு வீட்டாரும் தத்தம் கோழிக்கு ஓர் அடையாளம் இடுவார்கள். என் தமக்கை வீட்டுக் கோழிகளுக்கு இடக்காலின் நடுவிரல் நகம் வெட்டப்பட்டிருக்கும். என் மனைவி அக்காலைத் தூக்கிப் பார்த்துவிட்டு, "கோயி செத்தா கூட உட்ருவாங்க. கோயிய மாத்தி வெச்சேன்னு தெரிஞ்சா ஜென்மத்துக்கும் உடமாட்டாங்க" என்று தானே முடிவுக்கு வந்தாள். பின்பு, "இப்பதாங்க வர்றேன்னு சொல்லியிருக்கு. வந்து நின்னு இத்த பாத்துச்சுன்னா, 'என் கோயியக்கூட வாய உட்டுவெக்கல'ன்னுதான சொல்லும்?" என்றாள்.

மறுநாளே உத்திரமேரூர்க் கால்நடை மருந்தகத்துக்குப் புறப்பட்டேன். விடைத்தாள் கொண்டுபோகும் மஞ்சள் துணிப்பையில் கோழியைத் தலைமட்டும் வெளியே தெரிய வைத்து, மிதிவண்டியின் கைப்பிடியில் மாட்டிக்கொண்டேன். மருந்தக வாயிலில் மாடுகளோடும் ஆடுகளோடும் காத்திருந்தவர்களுள் ஒருவர், "இன்னா வாத்தியாரே, பரிச்சையில பெயிலாய்ட்ச்சா?" என்று கேட்டார். கோழி அவருக்கு விடையாக ஒருமுறை தும்மிற்று.

மருத்துவர் தென்மாவட்டத்திலிருந்து வந்த இளைஞர். கோழியின் அலகைத் திறந்து பார்த்தார். மார்பில் காதை வைத்துக் கேட்டார். எச்சம் எந்நிறத்தில் இருக்கிறதென வினவினார்.

"வெள்ளைக் கழிச்சல் இல்ல சார், பயப்படாதீங்க. அது வந்தா மருந்தே கிடையாது. முன்கூட்டித் தடுப்பூசி போட்டாத்தான் உண்டு. இது மூச்சுக்குழல்ல வர்ற சளிநோய். இதுக்கு ஆன்டிபயாட்டிக் கேட்கும்."

நுண்ணுயிர்க்கொல்லி என்று மனத்துக்குள் மொழிபெயர்த்துக்கொண்டேன். அவர் தந்த பொட்டலத்தில் மஞ்சள்நிறத் தூள் இருந்தது. தண்ணீரில் கலந்து கொடுக்க வேண்டும். நாள்தோறும் புதிதாகக் கலக்க வேண்டும். சற்றுத் தெளிந்ததும் நிறுத்திவிடாமல் சொன்ன நாள்வரை கொடுக்க வேண்டும். எல்லாக் கோழிகளுக்கும் கொடுக்க வேண்டும். வழியெல்லாம் இவற்றை ஒப்பித்துக்கொண்டே வந்து, ஒன்றும் விடாமல் மனைவியிடம் ஒப்படைத்தேன்.

அவள் பொட்டலத்தை அவிழ்த்து, விரல்நுனியால் தொட்டு நாவில் வைத்துப் பார்த்து, முகத்தைச் சுளித்தாள். "கசக்குது. இத்த தண்ணியில போட்டா எந்தக் கோயி குடிக்கும்?" என்றவள், உடம்புக்கு முடியாதவருக்கு எங்கள் பக்கத்துப் பெண்கள் எதனைச் செய்வார்களோ அதனையே செய்தாள். கேழ்வரகுக் கூழைக் கரைத்து, புளிக்காத மோரை ஊற்றி, அதிலே மருந்தைக் கலக்கினாள். கூழ் என்றால் கோழிகளுக்கு உயிர். நோய்ப்பட்டவையும் நோய்ப்படாதவையும் முண்டியடித்துக்கொண்டு ஒரு துளி மிச்சமின்றிப் பருகின. நாங்கள் இருவரும் மனநிறைவோடு பார்த்துக்கொண்டு நின்றோம். மருத்துவர் தண்ணீர் என்றுதான் சொன்னார். எங்கள் இருவருக்குமே கூழ் தண்ணீரின் இனந்தான்.

சொன்ன நாளெல்லாம் தவறாமல் கொடுத்தாள். கரகரப்பு நின்றபாடில்லை. இன்னொரு குஞ்சு இறந்தது. தமக்கையின் கோழிக்கு மற்றைக் கண்ணும் வீங்கி மூடிக்கொண்டது. பொங்கலும் நெருங்கிக்கொண்டிருந்தது, தெருவில் அவரவர் வீட்டுக்கு வெள்ளையடிக்கத் தொடங்கியிருந்தார்கள். எங்கள் வீட்டில் மட்டும் வாங்கிவந்த சுண்ணாம்பு நீற்றப்படாமல் மூலையில் கிடந்தது.

"நீங்க சரியா கேட்டுக்கினு வர்ல" என்று என்னைக் குற்றஞ்சாட்டிவிட்டு, இம்முறை அவளே புறப்பட்டாள்; நானும் உடன் போனேன். பேருந்தில் கோழியை மடியில் வைத்து முந்தானையால் போர்த்தியிருந்தாள். அருகிலிருந்த பெண்மணி, "கொயந்தைக்கு இன்னா?" என்று பரிவோடு முந்தானையை விலக்கிப் பார்த்துவிட்டு, வழிநெடுக அவளோடு பேசவில்லை.

மருத்துவர் எங்களை உட்காரவைத்துக் கேட்டார். "மருந்தை எதுல கலந்தீங்கம்மா?"

"நல்லா கேவுரு கூயு கரைச்சி, மோரு ஊத்தி, அதுலதான் டாக்டரு. ஒரு சொட்டு சிந்தாம குடிச்சுதுங்க."

மருத்துவர் நெற்றியில் கைவைத்துக்கொண்டார். பிறகு சிரித்தார். அது ஏளனச் சிரிப்பன்று. தேடியது கிடைத்தவரின் சிரிப்பு.

"இந்த மருந்துக்கு ஒரு குணம் உண்டும்மா. சுண்ணாம்புச் சத்து எங்க இருந்தாலும் அதோட போய் ஒட்டிக்கும். ஒட்டிக்கிட்டா ரத்தத்துல சேராது. அப்படியே எச்சத்தோட வெளிய போயிரும். கேழ்வரகுல சுண்ணாம்புச் சத்து நிறைய. மோர்லயும் நிறைய. நீங்க மருந்தைக் கொடுக்கவும் கொடுத்திருக்கீங்க, அது உள்ள போகாம வாசல்லயே நிறுத்தியும் வெச்சிருக்கீங்க."

"அப்போ மோரு ஊத்தக்கூடாதா?"

"மோர் கூடாது. பால் கூடாது. கூழ் கூடாது. வெறும் தண்ணி."

"வெறுந்தண்ணியா?" என் மனைவிக்கு மனம் ஆறவில்லை. "ஒடம்பு முடியாம கெடக்குது, அதுக்குப் போயி வெறுந்தண்ணி குடுக்கறதா? ஜெயில்லகூட களி போடுவாங்க டாக்டரு."

"தீனிக்கு நொய் போடுங்க, கம்பு போடுங்க, யாரு வேண்டாங்கா? மருந்து மட்டும் தண்ணியில. அந்தத் தண்ணியைத் தவிர வேற தண்ணி அதுக கண்ணுல படக்கூடாது. குடிக்காத கோழிக்கு நீங்களே சொட்டுச் சொட்டா வாயில விடணும். இன்னொண்ணு: மருந்து கொடுக்கறப்பவும், நிறுத்தி நான் சொல்ற வரைக்கும், முட்டையச் சாப்பிடாதீங்க, கோழியையும் அறுக்காதீங்க. அந்த முட்டையை அடையும் வைக்காதீங்க. இந்த நோய் முட்டை வழியாவும் குஞ்சுக்குப் போகும்."

புதுப் பொட்டலத்தோடு நாங்கள் எழுந்தபோது, அவர் நினைத்துக்கொண்டவராய் மேலும் ஒன்று சொன்னார். அதுதான் எங்களுக்குப் பெருஞ்சிக்கலாயிற்று.

"குணமானாலும் இந்தக் கோழி, குஞ்சு எதையும் வேற வீட்டுக் கோழிகளோட சேர்த்துராதீங்க. வெளிய நல்லாத் தெரியும்; உள்ள கொஞ்சம் ஒளிஞ்சிருக்கும். போற எடத்துல பரப்பிரும்."

திரும்பும் பேருந்தில் என் மனைவி கோழியை மீண்டும் முந்தானையால் போர்த்திக்கொண்டாள். ஏரிக்கரையைக் கடக்கும்போது தொடங்கினாள்.

"பங்கு பிரிக்கக்கூடாதுன்றாரு."

"ஆம்."

"பிரிச்சுக் குடுத்தா அண்ணி வூட்டுக் கோயி அத்தனையும் சாவும். பிரிக்கக்கூடாதுன்னு சொன்னா, 'குஞ்சு குடுக்க மனசில்லாம டாக்டரு மேல பயிபோடறா'ன்னும். நான் இன்னாதாங்க பண்றது?"

"முதலில் பிழைக்கட்டும்" என்றேன்.

அன்று தொடங்கி அவள் செய்த பணிவிடையை, மனிதருக்குச் செய்திருந்தால் ஊர் பேசியிருக்கும். கோழிகள் நீர் பருகும் இடங்கள் எத்தனையென்பது அப்போதுதான் எங்களுக்குத் தெரிந்தது. துணி துவைக்கும் கல்லடியில் தேங்கிய நீர், பாத்திரம் தேய்க்கும் இடத்துப் பள்ளம், மாட்டுத் தொட்டியின் கசிவு ஆகிய அனைத்தையும் மண்போட்டு அடைத்தாள். கோழிகளை வேலிக்குள் நிறுத்தி, மண்சட்டியில் மருந்து நீரை மட்டும் வைத்தாள். அவை கூழை எதிர்பார்த்துச் சட்டியைச் சுற்றிவந்து, அவளை நிமிர்ந்து பார்த்தன. "இன்னா பாக்கற? டாக்டரு ஊத்தக்கூடாதுன்ட்டாரு, போய் அவரக் கேளு" என்பாள். வெயில் ஏற ஏற வேறு வழியின்றிப் பருகின.

தமக்கையின் கோழிதான் பருகவில்லை. கண் இரண்டும் மூடிய நிலையில் அது சட்டி இருக்குமிடத்தையே அறியவில்லை. என் மேசையைத் துழாவிய என் மனைவி, பேனாவுக்கு மை ஊற்ற நான் வைத்திருந்த கண்ணாடிக் குழாயை எடுத்துக்கொண்டு போனாள். பில்லர் என்று எல்லாரும் சொல்வார்களே, அது. சுடுநீரில் மை போகக் கழுவி, அதனால் மருந்து நீரை உறிஞ்சி, கோழியின் அலகோரத்தில் ஒவ்வொரு சொட்டாக விட்டாள். வெதுவெதுப்பான நீரில் நனைத்த துணியால் கண்ணின் பீளையைத் துடைத்தாள். அந்நாள்களில் பென்சிலைக்கொண்டே நான் கட்டுரை ஏடுகளைத் திருத்தினேன். பிள்ளைகள் காரணம் கேட்கவில்லை. சிவப்பு மையின்றி வந்ததே அவர்களுக்குப் போதுமானதாயிருந்தது.

முட்டைகளை அவள் வாழையடியில் குழிதோண்டிப் புதைத்தாள். வேலிக்கப்பாலிருந்து பார்த்த பக்கத்துவீட்டுக்காரி, "இன்னாக்கா, முட்ட நட்டுக்கினு கீற? கோயி மொளைக்குமா, வாயை மொளைக்குமா?" என்றாள்.

"எது மொளைச்சாலும் ஒனக்கு ஒண்ணு தர்றேன், போ" என்றாள் என் மனைவி. அவள் குரலில் பழைய துடுக்கு மீண்டிருந்தது. அன்று காலை தமக்கையின் கோழி ஒரு கண்ணைத் திறந்திருந்தது.

அடுத்தடுத்த நாள்களில் கூடையின் கரகரப்பு ஒலி தேய்ந்து, ஓரந்தியில் முற்றிலும் அடங்கிற்று. நாங்கள் இருவரும் குனிந்து காதுகொடுத்துக் கேட்டோம். இறகு உரசும் ஓசையையும், தாயின் அடியில் இடம்பிடிக்கும் குஞ்சுகளின் முணுமுணுப்பையும் தவிர வேறொன்றும் இல்லை. நிமிர்ந்த என் மனைவி, சுண்ணாம்பை எப்போது நீற்றுவதாக உத்தேசம் என்று என்னைக் கேட்டாள்.

காணும் பொங்கலன்று நண்பகலுக்கு முன்பே தமக்கை வந்துவிட்டாள். கையில் குஞ்சுகளைக் கொண்டுபோகும் கூடை இல்லாததை நான் அப்போது கவனிக்கவில்லை. வாயிலில் நின்று, "தம்பி, நல்லா கீறியாடா?" என்று என்னை மட்டும் கேட்டுவிட்டு, செருப்பைக் கழற்றியதும் கழற்றாததுமாய்க் கொல்லைக்கு நடந்தாள். என் மனைவி அடுக்களை வாயிலில் ஈரக்கையோடு நின்றாள். தமக்கை தன் கோழியை லாகவமாகப் பிடித்துத் தூக்கினாள், இடக்கால் நகத்தைப் பார்த்தாள், கண்ணைப் பார்த்தாள், பிறகு, மருத்துவர் செய்ததைப்போலவே, அதன் மார்பில் காதை வைத்துக் கேட்டாள்.

"கொறட்டை வந்துச்சாமே?"

ஓராண்டுக்குப் பின் அவள் என் மனைவியிடம் பேசிய முதற்சொல் அது. என் மனைவி என்னைப் பார்த்தாள். நான் தரையைப் பார்த்தேன்.

"வந்துச்சு அண்ணி" என்றாள் என் மனைவி. "குஞ்சு ரெண்டு போயிட்ச்சு. பெரிசு கண்ணு ரெண்டும் மூடிக்கிச்சு. டாக்டராண்ட எடுத்துனு போயி மருந்து குடுத்தோம். இன்னொண்ணும் சொல்லிடறேன், அப்புறம் நீங்க இன்னா வேணா சொல்லுங்க. குஞ்சு எதையும் வேற வூட்டுக் கோயிகூட சேக்கக்கூடாதாம். நீங்க எடுத்துனு போனா உங்க வூட்டுக் கோயிக்கும் வந்துடும்."

தமக்கை துவைக்கும் கல்லின்மேல் உட்கார்ந்துவிட்டாள். கோழி அவள் மடியிலேயே இருந்தது.

"என் வூட்ல இன்னும் எந்தக் கோயிமே கீது?" என்றாள். "ஒண்ணு பாக்கியில்ல. பொரட்டாசி மயையில புடிச்சுது. கார்த்திக முடியறதுக்குள்ள தொடச்சி எடுத்துக்கினு பூட்ச்சு. மொதல்ல மத்ததுங்க தும்மும்போதே, இது ஒண்ணுதான் நல்லா இருந்துச்சு. இங்க அனுப்பிட்டா இதுனா பொயைக்கும்னு அனுப்பிட்டேன். அனுப்புனப்புறம் தூக்கமே இல்ல. இதுவும் புடிச்சிக்கினு வந்திருந்தா, உன் கோயியெல்லாம் என்னாலதான போவும்? பங்கு பிரிக்க நான் வர்லமே. இங்க எதுனா உசுரோட கீதான்னு பாக்க வந்தேன்."

என் மனைவி ஈரக்கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு மெல்ல அருகே வந்தாள். "சொல்லி அனுப்பியிருக்கலாமே அண்ணி."

"சொன்னா நீ வாங்கியிருப்பியா?"

"மாட்டேன்."

"அதான் சொல்லல." தமக்கை கோழியின் முதுகைத் தடவினாள். "நானும் டாக்டரு மருந்து வாங்கிப் போட்டேன். மஞ்ச பவுடரு. தண்டம். ஒண்ணுகூட பொயைக்கல. உன் டாக்டரு வேற மருந்து குடுத்தாரா?"

"அதே மருந்துதான் அண்ணி." என்றாள் என் மனைவி. "நீங்க எதுல கலந்து குடுத்தீங்க?"

"எதுல கலப்பாங்க? கூயுலதான். மோரு ஊத்தி, நல்லா கெட்டியா."

நான் என் மனைவியின் முகத்தை உற்றுப் பார்த்தேன். கெட்டியாக என்னும் சொல்லைத் தமக்கை அழுத்தித்தான் சொல்லியிருந்தாள். ஓராண்டாகத் தேடிய படைக்கலம் தானே வந்து கையில் விழுந்ததுபோன்ற நிலை. கூழைப்பற்றி நீங்கள் எனக்குச் சொல்லவந்தீர்களே என்று ஒரு சொல் சொல்லியிருந்தால் போதும். என் தமக்கை மீண்டும் பேருந்தேறியிருப்பாள். என் மனைவி குனிந்து, தமக்கையின் மடியிலிருந்த கோழியின் காலை மெல்லத் தடவிக்கொடுத்தாள்.

"நானும் அப்டிதான் அண்ணி குடுத்தேன். கூயுல, மோரு ஊத்தி. அதுல போட்டா மருந்து வேலை செய்யாதாம். டாக்டரு தலையில அடிச்சிக்கினாரு. அப்புறம் வெறுந்தண்ணியில குடுத்தேன்; பொயைச்சுது."

தமக்கை அவளை நிமிர்ந்து பார்த்தாள். வாய் சற்றே கோணிற்று.

"உன் கூயுலதான் தண்ணி ஜாஸ்தியாச்சே. அதுலகூடவா மருந்து கெட்டுப்போச்சு?"

"நான் இன்னா அண்ணி பண்றது? உங்க ஊர்ல தண்ணியே இல்ல. நீங்க கூயுல கலந்தீங்க, ஞாயம். எங்கூர்ல ஏரி ரொம்பி வயியுது. நானும் போயி கூயுல கலந்தேன் பாருங்க."

இருவரும் சிரித்த சிரிப்பில் கோழி வெருண்டு மடியிலிருந்து குதித்தோடிற்று. குஞ்சுகள் அதன்பின்னே ஓடின.

பங்கு அன்று பிரிக்கப்பட்டது. ஆனால் எதுவும் இடம் மாறவில்லை. தமக்கை தன் முந்தானை முடிச்சிலிருந்து, நெசவுக்காரர் வீட்டில் வேறெதற்கோ கேட்டு வாங்கிய சிவப்புப் பட்டுநூலை எடுத்துத் துண்டுதுண்டாக அறுத்து, தன் பாகத்துக் குஞ்சுகளின் காலில் தளர்வாகக் கட்டினாள். எது அவளுக்கு, எது இவளுக்கு என்பதில் நெடுநேரம் வழக்கு நடந்தது. கொழுத்த குஞ்சை ஒருவர்மேல் ஒருவர் தள்ளினர். நோஞ்சானைத் தனக்கே வேண்டுமென்று இருவரும் கேட்டனர். நோயில் கோழிகள் மாண்ட கூட்டைக் கழுவிச் சுண்ணாம்படித்து, வேனில் முடியும்வரை வெயிலில் வெறுமையாக விட்டுவைக்க வேண்டும் என்று மருத்துவர் சொல்லியிருந்ததை நான் தெரிவித்தேன். "அதுவரைக்கும் என்துங்க இங்கியே கெடக்கட்டும். நான் அப்பப்ப வந்து பாத்துக்கினு போறேன்" என்றாள் தமக்கை. என் மையூற்றும் குழாய் மட்டும் எனக்குத் திரும்பவில்லை; கூட்டருகே ஒரு மாடக்குழியில் அதற்கு நிலையான இடம் அமைந்துவிட்டது.

மாசியில் ஒருநாள் தமக்கை வந்தாள். சிவப்பு நூல் குஞ்சுகளின் காலில் இறுகாதபடி அவிழ்த்து மாற்றிக் கட்டினாள். வெயிலேறியதும் என் மனைவி கூழைக் கரைத்து, மோர் ஊற்றி, சின்ன வெங்காயத்தோடு அவள்முன் வைத்தாள். நான் என் கையிலிருந்த குவளையை வாய்க்குக் கொண்டுபோகாமல் காத்திருந்தேன். தமக்கை ஒரு வாய் பருகினாள்; இன்னொரு வாய் பருகினாள்; குவளைக்குள் கூர்ந்து பார்த்தாள்.

"இன்னாமே, இன்னிக்குக் கெட்டியா கீது? எனக்கும் மருந்து கிருந்து கலந்துட்டியா?"

"கலந்தாலும் ஏறாது, குடிங்க அண்ணி" என்று சொல்லிக்கொண்டே, கேளாமலேயே, இன்னும் ஓர் அகப்பை ஊற்றினாள் என் மனைவி.